ஜபல்பூரில் பிறந்து ஊட்டியில் வளர்ந்த சொல்

எதிராளியோடு மோதுவதைச் சொல்ல ஆங்கிலத்தில் தொடர்களுக்குப் பஞ்சமே இல்லை. வாள்களைக் குறுக்கே வைப்பது, காளையைக் கொம்பைப் பிடித்து அடக்குவது, சிங்கத்தை அதன் குகைக்கே போய்ச் சீண்டுவது என்று அடுக்கிக்கொண்டே போகலாம். "த்ரோ டவுன் த காண்ட்லெட்" என்று ஒன்று உண்டு. இரும்புக் கையுறையைக் கழற்றி எதிராளியின் முன்னால் தரையில் எறிவது என்று பொருள். அவன் அதைக் குனிந்து எடுத்தால் சண்டைக்கு ஒப்புக்கொண்டதாக அர்த்தம். நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அதனால் இந்தச் சொல்லை முதலில் பார்த்தபோதே இது எங்கள் பள்ளிக்கூடத்துச் சொந்தக்காரர் என்று தெரிந்துவிட்டது. பிரெஞ்சில் கையுறைக்கு "காந்" என்று பெயர். "காந்த்லே" என்ற இரும்புக் கையுறைதான் கால்வாயைத் தாண்டி இங்கிலாந்துக்குப் போய் "காண்ட்லெட்" ஆனது.

நாம் இதற்கு "சவால் விடுதல்" என்கிறோம். சவால் தமிழ்ச் சொல் அல்ல. அரபியில் "சுஆல்" என்றால் கேள்வி. உருது வழியாக நம்மிடம் வந்தது. வெள்ளைக்காரன் கையுறையை எறிந்தான், நாம் கேள்வியை எறிந்தோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தத் தொடர்கள் எல்லாம் நேருக்கு நேர் மோதுவதைச் சொல்கின்றன. ஆனால் உலகத்தில் பெரும்பாலான போட்டிகள் நேருக்கு நேர் நடப்பதில்லை என்பது அரசு அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்து எழுந்தவனுக்குத் தெரியாதா? எதிராளியை அடிக்கவே வேண்டாம். அவன் போக வேண்டிய வழியில் எதையாவது கொண்டுபோய் நிறுத்தினால் போதும். இதைச் சொல்ல ஆங்கிலத்தில் ஒரு நல்ல சொல் இருக்கிறது: "ஸ்னூக்கர்டு". அவனை ஸ்னூக்கர் செய்துவிட்டேன் என்றால், அவனால் இனி நேராக அசைய முடியாதபடி மறித்துவிட்டேன் என்று பொருள். இன்று லண்டன் பாராளுமன்றத்திலும் பங்குச் சந்தையிலும் புழங்கும் இந்தச் சொல்லுக்கும் நம் நீலகிரிக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. ஊட்டியில் காலமெல்லாம் இருந்தவர்களிலேயே பலருக்கு இந்தக் கதை முழுதாகத் தெரியாது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் மனிதரைச் சொல்லிவிடுகிறேன். பெயர் நெவில் சேம்பர்லின். உடனே குடையும் கையுமாக ஹிட்லரைப் பார்க்கப் போன பிரதமரை நினைத்துக்கொள்ளாதீர்கள். அவர் வேறு, இவர் வேறு. இவர் 1856-இல் பிறந்த ராணுவ அதிகாரி. 1875-இல் டெவன்ஷயர் படைப்பிரிவில் இளம் அதிகாரியாக ஜபல்பூரில் இருந்தார். அப்போது வயது பத்தொன்பது. மழைக்காலத்தில் வெளியே போக முடியாது. அதிகாரிகளின் உணவு விடுதியில் பில்லியர்ட்ஸ் மேஜை ஒன்றுதான் துணை. பதினைந்து சிவப்புப் பந்துகளை முக்கோணமாக அடுக்கி ஆடும் "பிரமிட்ஸ்" என்ற ஆட்டமும், கறுப்புப் பந்தை வைத்துக் காசு கட்டி ஆடும் "பிளாக் பூல்" என்ற ஆட்டமும் அப்போது வழக்கில் இருந்தன. ஆடி ஆடி அலுத்துப்போன சேம்பர்லின், இரண்டையும் கலந்து மேலும் சில வண்ணப் பந்துகளையும் சேர்த்தார். புது ஆட்டம் தயார். பெயர்தான் இல்லை.

ஒரு நாள் விருந்தாளியாக வந்த ஓர் இளம் பீரங்கிப் படை அதிகாரி, தான் பயிற்சி பெற்ற வுல்விச் ராணுவப் பள்ளியில் முதல் ஆண்டு மாணவர்களை "ஸ்னூக்கர்" என்று கேலியாகக் கூப்பிடுவார்கள் என்று சொன்னாராம். சிறிது நேரத்தில் ஆட்டக்காரர் ஒருவர் குழியின் வாயில் நின்ற சுலபமான பந்தைக் கோட்டைவிட்டார். நீ அசல் ஸ்னூக்கர்தான் என்று சேம்பர்லின் கேலி செய்தார். பிறகு நண்பர் மனம் புண்படக் கூடாதே என்று, இந்த ஆட்டத்தில் நாம் எல்லோருமே கற்றுக்குட்டிகள்தானே, ஆட்டத்துக்கே ஸ்னூக்கர் என்று பெயர் வைத்துவிடுவோம் என்றார். கேலி பெயராகி நிலைத்தது. இது அவரே பிற்காலத்தில் சொன்ன கதை.

வுல்விச்சில் அந்தக் கேலிப்பெயர் எப்படி வந்தது? "நெ" என்று ஒலிக்கும் ஒரு பிரெஞ்சுச் சொல் திரிந்து ஸ்னூக்கர் ஆனது என்று அப்போது விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இதில் கொஞ்சம் சந்தேகம் உண்டு. பிரெஞ்சில் புதியவனுக்கு "நூவோ" என்று சொல்வோம். படையில் புதிதாகச் சேர்ந்தவனை "ப்ளே" என்பார்கள், அதாவது நீலம். உயர்கல்விக் கூடங்களில் முதல் ஆண்டு மாணவனைச் சீண்டும்போது "பிஸ்யூ" என்பார்கள். "நெ" என்று தனியாக ஒரு சொல்லை எந்த வாத்தியாரும் எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததில்லை. ஆங்கிலேயப் பையன்களின் வாயில் "நூவோ" பட்ட பாடாக இருக்கலாம். ஆங்கில அகராதிக்காரர்களும் இந்தச் சொல்லின் மூலத்தை உறுதியாகச் சொல்வதில்லை. எப்படியானாலும் ஒன்று நிச்சயம். ஒன்றும் தெரியாத புதியவன் என்பதுதான் இந்தச் சொல்லின் முதல் அர்த்தம்.

இனி ஊட்டிக்கு வருவோம். சேம்பர்லின் ஆப்கானியப் போருக்குப் போனார், காயம்பட்டார். காபூலிலிருந்து காந்தகாருக்குப் படை நடத்திப் பேர் வாங்கிய ஜெனரல் ராபர்ட்ஸ் 1881-இல் மதராஸ் படைக்குத் தலைமைத் தளபதி ஆனபோது, அவருடைய பணியாளர் குழுவில் சேம்பர்லினும் இருந்தார். அந்தக் காலத்தில் கோடை வந்தால் மதராஸ் அரசாங்கமே மூட்டை கட்டிக்கொண்டு மலையேறிவிடும். கவர்னரும் தளபதியும் கோப்புகளும் குமாஸ்தாக்களும் ஊட்டியில். மலை ரயில் கிடையாது. அது குன்னூருக்கு வந்ததே 1899-இல்தான். சாலை வழியாகத்தான் எல்லாம் ஏறி வர வேண்டும்.

அப்படி வந்தவர்கள் மாலையில் கூடிய இடம் ஊட்டி கிளப். வில்லியம் ரம்போல்டு என்பவர் 1830-களின் தொடக்கத்தில் கட்டிய பெரிய மாளிகை. 1841-இல் கிளப் ஆனது. வெள்ளைத் தூண்களோடு இன்றும் அப்படியே நிற்கிறது. அங்கே இருந்த பில்லியர்ட்ஸ் அறையில் சேம்பர்லினின் ஆட்டம் சூடுபிடித்தது. ஜபல்பூரில் வாய்வார்த்தையாக இருந்த விதிகள், இங்கேதான் எழுதி ஒழுங்குபடுத்தப்பட்டுச் சுவரில் மாட்டப்பட்டன. அதனால்தான் ஸ்னூக்கர் பிறந்த ஊர் எது என்று கேட்டால் ஜபல்பூர், ஊட்டி என்று இரண்டு பதில் வருகிறது. என்னைக் கேட்டால் பிறந்தது அங்கே, பெயர் பதிவானது இங்கே என்பேன். நம் அலுவலக வழக்கப்படி, ஏட்டில் ஏறாத எதுவும் பிறந்ததாகவே கணக்கில்லை!

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. மேஜை பன்னிரண்டு அடி நீளம், ஆறு அடி அகலம். பந்துகள் இன்று இருபத்திரண்டு: பதினைந்து சிவப்பு, ஆறு வேறு நிறங்கள், ஒரு வெள்ளை. கோலால் வெள்ளையைத்தான் அடிக்க வேண்டும். வெள்ளை போய் மற்றதைத் தட்டிக் குழியில் விழவைக்க வேண்டும். முதலில் ஒரு சிவப்பு, பிறகு ஒரு நிறப்பந்து என்று மாறி மாறி வரிசை உண்டு. முறைப்படி எந்தப் பந்தைத் தட்ட வேண்டுமோ அதைத்தான் வெள்ளை முதலில் தொட வேண்டும். தொடாவிட்டால் குறைந்தது நான்கு புள்ளி எதிராளிக்குப் போய்விடும். இங்கேதான் தந்திரம். என்னால் பந்தை விழவைக்க முடியாது என்று தெரிந்தால், வெள்ளைப் பந்தை வேறொரு பந்தின் பின்னால் கொண்டுபோய் ஒளித்து வைத்துவிடுவேன். அடுத்து ஆட வருபவர் தட்ட வேண்டிய பந்து கண்ணெதிரே இருக்கும், ஆனால் நேர்வழி இருக்காது. அப்போது அவர் ஸ்னூக்கர் ஆகிவிட்டார்.

பாருங்கள், சொல் எப்படிப் புரண்டு படுத்துவிட்டது என்று. ஒன்றும் தெரியாதவனுக்கு வைத்த பெயர் ஆட்டத்துக்குப் பெயராகி, பிறகு எல்லாம் தெரிந்தவனைக்கூடக் கட்டிப்போடும் தந்திரத்துக்குப் பெயராகிவிட்டது. அங்கிருந்து மேஜையை விட்டு இறங்கி, வியாபாரத்திலும் அரசியலிலும் எதிரியை மறிப்பதற்கான பொதுச்சொல் ஆனது.

நம்மிடம் இதற்குச் சொல் இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. "செக் வைத்தார்" என்று தினசரிகள் தினமும் எழுதுகின்றன, அது சதுரங்கம். "கிடுக்கிப்பிடி" கொல்லன் பட்டறையிலிருந்து வந்தது. "முட்டுக்கட்டை" வண்டிச் சக்கரத்திலிருந்து. "ஆப்பு" தச்சனிடமிருந்து. இலக்கணத்தைப் புரட்டினால், களத்தில் நேருக்கு நேர் பொருதுவது தும்பை, கோட்டையை வளைத்து மறிப்பது உழிஞை என்று புறத்திணையிலேயே பிரித்து வைத்துவிட்டார்கள். வெள்ளைக்காரனின் கையுறை தும்பை, ஸ்னூக்கர் உழிஞை.

ஆனால் ஸ்னூக்கருக்கு நெருங்கிய உறவு நம் ஆடு புலி ஆட்டம்தான். கோயில் மண்டபத் தரைகளில் கட்டம் செதுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. இங்கேயும் பதினைந்து! புலி தாண்டி ஆட்டைத் தின்னலாம். ஆட்டால் புலியைத் தின்ன முடியாது. ஆடு ஜெயிக்க ஒரே வழி, புலிகள் நகர இடமில்லாமல் அடைப்பது. புதுச்சேரியில் எங்கள் பாட்டி புளியங்கொட்டையை ஆடாக வைத்து என் புலிகளை அடைத்துவிட்டு, வெற்றிலையை மெல்லத் தொடங்குவார். ஸ்னூக்கர் என்றால் என்ன என்று பின்னாளில் யாரும் எனக்குப் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

ஊட்டியிலிருந்து அந்த ஆட்டம் வெளியே போன கதையும் சுவையானது. 1885-இல் இங்கிலாந்தின் பில்லியர்ட்ஸ் சாம்பியன் ஜான் ராபர்ட்ஸ் இந்தியா வந்தார். கல்கத்தாவில் கூச் பிகார் மகாராஜாவின் விருந்தில் சேம்பர்லினைச் சந்தித்து விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு தன் நாட்டுக்குக் கொண்டுபோனார் என்பார்கள். 1927-இல் முதல் தொழில்முறை உலகப் போட்டி நடந்தது. ஜோ டேவிஸ் வென்றார். ஆட்டம் பெரிதானதும் பங்காளிகள் முளைத்தார்கள். 1930-களில், இது இந்தியாவில் தோன்றியதே அல்ல, வுல்விச் ராணுவப் பள்ளியில் தோன்றியது என்று பேச்சு கிளம்பியது. சேம்பர்லினுக்கு அப்போது வயது எண்பத்திரண்டு. அயர்லாந்தில் காவல்துறைத் தலைவராக இருந்து, 1916 டப்ளின் எழுச்சிக்குப் பிறகு பதவி விலகி, ஓய்வில் இருந்தவர். அவர் கையுறை எதையும் எறியவில்லை. 1938 மார்ச்சில் "தி ஃபீல்டு" பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். எந்த ஆண்டு, எந்த ஊர், எந்தப் பந்து என்று சாதாரணமாகச் சொல்லியிருந்தார். மறு ஆண்டு எழுத்தாளர் காம்ப்டன் மெக்கன்சி அவருக்கு ஆதரவாக எழுதினார். அதோடு போட்டியாளர்களுக்குப் போக வழியில்லாமல் போயிற்று. தேதியும் ஊரும் வைத்து எழுதிய ஒரு கடிதத்தைத் தாண்டிப் போவது கடினம் என்பது குமாஸ்தாக்களுக்குத் தெரிந்த உண்மை. 1944-இல் அவர் காலமானார்.

பங்காளிகள் என்று சொன்னேன் அல்லவா, அதற்கும் ஒரு காரணம் உண்டு. ஆங்கிலத்தில் "ரைவல்", பிரெஞ்சில் "ரிவால்" என்பது லத்தீனில் ஓடையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஒரே ஓடையில் தண்ணீர் பாய்ச்சும் இரண்டு பேர் என்று அர்த்தம். எங்கள் பிரெஞ்சு ஆசிரியர் இதைச் சொன்னபோது வகுப்பே சிரித்தது. "உனக்கும் எனக்கும் என்ன வாய்க்கா வரப்புத் தகராறா?" என்று நம் ஊரில் கேட்பது இதைத்தானே! பங்காளி என்றால் பங்கு உள்ளவன். சண்டைக்கும் அவன்தான் முதல் ஆள். எதிராளி என்றால் நமக்குச் சமமாகப் பங்கு கேட்க உரிமை உள்ளவன். இது முக்கியம். ஏனென்றால் நான் இந்தச் சொல்லை முதன்முதலில் காதால் கேட்ட சந்தர்ப்பத்தில் அந்தச் சமம் இல்லை.

அப்பா காலமான பிறகு அம்மாவின் ஊரான குன்னூருக்கு வந்து, தமிழில் தேர்வு எழுதி வேலைக்குச் சேர்ந்தவன் நான். 1980-களில் மாவட்டத்தில் ஓர் அலுவலகத்தில் இருந்தேன். இலங்கையிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர்கள் அப்போது நீலகிரியில் நிறைய. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் இங்கே தொடங்கின. அதுதான் இன்றைய டான்டீ. எல்லோருக்கும் அந்தத் தோட்டங்களில் இடம் கிடைக்கவில்லை. தனியார் தோட்டங்களிலும், காட்டோரக் குடிசைகளிலும் தங்கியவர்கள் பலர்.

அப்படி ஓர் அம்மா. கொழுந்து பறித்துக் கை கறுத்துப்போனவர். மகனுக்குச் சான்றிதழ் வேண்டும் என்று எங்களிடம் வந்தார். ரேஷன் கார்டு கொண்டு வா என்று எங்கள் பிரிவில் சொன்னார்கள். ரேஷன் கார்டுக்குப் போனால், குடியிருப்புச் சான்று கொண்டு வா என்றார்கள். குடியிருப்புச் சான்றுக்கு மறுபடி ரேஷன் கார்டு. மூன்று இடத்திலும் விதி சரியாகத்தான் இருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போயிற்று. நான்காவது முறை வந்தபோது எங்கள் தலைமை எழுத்தர், ஒரு பழைய கிளப்பில் மார்க்கராக, அதாவது ஆட்டத்துக்குப் புள்ளி குறிப்பவராக இருந்தவரின் மகன், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"இந்தம்மாவ நல்லா ஸ்னூக்கர் பண்ணிட்டாங்க, தம்பி. நேரா அடிக்க வழியில்ல. குஷன்லதான் அடிக்கணும்."

மேஜையின் ஓரத்து ரப்பர் சுவரைத்தான் குஷன் என்பார்கள். நேர்வழி மறைந்திருந்தால், வெள்ளைப் பந்தை ஓரத்தில் மோதவிட்டுத் திரும்பி வரச் செய்து தட்டுவது ஆட்டத்தில் உள்ள வழி. அவர் அந்த அம்மாவை உட்காரச் சொல்லிக் கேட்டார்: "கப்பல்ல வந்து எறங்குனப்போ ஏதாச்சும் தாள் குடுத்தாங்களாம்மா?"

"மண்டபம் கேம்புல ஒண்ணு குடுத்தாங்கய்யா. அத வச்சு இனிமே என்ன செய்ய?"

"நாளைக்குக் கொண்டு வாங்க."

மறுநாள் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்து வந்தார். மடித்த இடமெல்லாம் இற்றுப்போயிருந்தது. ஆனால் குடும்பத்தார் பெயர் எல்லாம் இருந்தது, முத்திரை இருந்தது. அதை ஆதாரமாக வைத்து, கிராம நிர்வாக அலுவலர் நேரில் போய் விசாரித்துக் குடியிருப்பை உறுதி செய்யலாம் என்று தலைமை எழுத்தர் குறிப்பு எழுதினார். நான் அதைப் படி எடுத்தேன். அதிகாரி கையெழுத்திட்டார். மூன்றாவது மாதம் ரேஷன் கார்டு வந்தது. அதன் பின்னால் சான்றிதழும் வந்தது.

புறத்திணையில் உழிஞை பாடும்போது கோட்டைக்குள் ஒரு மன்னன் இருப்பான். பில்லியர்ட்ஸ் மேஜையில் கோல் பிடித்த இருவருக்கும் மாறி மாறி முறை வரும். இன்று மறித்தவன் நாளை மறிக்கப்படுவான். ஆடு புலியிலும் பாட்டியும் பேரனும் பக்கம் மாற்றிக்கொள்ளலாம். அதனால்தான் அது ஆட்டம். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தவருக்கு அங்கே ஒரு கோலும் இல்லை, முறையும் இல்லை. அவர் யாருக்கும் எதிராளியும் அல்ல. எங்கள் தலைமை எழுத்தர் சொன்ன வார்த்தை சரியான வார்த்தை. ஆனால் அது அந்த இடத்தில் இருந்திருக்கவே கூடாத வார்த்தை. அவர் அதைச் சொன்ன குரலிலேயே அது தெரிந்தது.

பிறகு இந்த ஆட்டத்தில் நம் நாட்டவர் பெரும் பெயர் எடுத்தார்கள். வில்சன் ஜோன்ஸ் 1958-இல் பில்லியர்ட்ஸில் உலக அமெச்சூர் பட்டம் வென்றார். ஓம் அகர்வால் 1984-இல் ஸ்னூக்கரில் வென்றார். 2003-இல் பங்கஜ் அத்வானி. ஒருகாலத்தில் துரைமார்களுக்குப் புள்ளி எண்ணிக் குறித்தவர்களின் நாடு, கோலைக் கையில் வாங்கிக்கொண்டது. தலைமை எழுத்தரின் அப்பா இதைப் பார்க்க இல்லை, மகன் பார்த்தார். 1984-இல் செய்தி வந்த நாளிதழை மடித்து மேஜை இழுப்பறையில் வைத்திருந்தார்.

இனி யாராவது உங்களிடம் ஸ்னூக்கர்டு என்று ஆங்கிலத்தில் சொன்னால், அது நம் மலையில் விதி எழுதப்பட்ட ஆட்டத்தின் சொல் என்று தாராளமாகச் சொல்லுங்கள். கூடவே, நேர்வழி அடைபட்டால் குஷன் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். கோல் நம் கையில் இருக்கும் நாளில், யாரை மறிக்கிறோம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வதும் நல்லது.